குண்டு விழுந்த இடம் வரை

நீ இந்நேரம் விழுப்புரம் தாண்டியிருப்பாய். மேல் படுக்கையில் ஏறி, பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, தூங்குகிறவன் போலக் கண்ணை மூடிக் கிடப்பாய். முதுநகர் ஸ்டேஷனிலிருந்து நானும் உன் அப்பாவும் பைக்கில் திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். திங்கட்கிழமை காலை விசாரணைக்கு நீ போவதற்கு முன் படித்துவிடு. படித்த பிறகு எனக்குப் போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் "சாப்டியா" என்றுதான் கேட்பேன். லீவில் நீ இருந்த நாள் முழுக்க அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டி நகர ஆரம்பித்த பிறகு, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒண்ணுமே சொல்லலியேம்மா" என்றாய். அப்பா அருகில் நின்றார். நான் வண்டியோடு கொஞ்ச தூரம் வேகமாக நடந்தேன். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றுவிட்டேன். வகுப்பில் ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் பேசுகிறவள் பெற்ற பிள்ளையிடம் ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் நின்றேன். அந்த வாக்கியம்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

நடந்ததை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். லீவில் வந்த புதிதில் ஒரு சாயங்காலம் என்னை அழைத்துப் போகச் சிதம்பரத்துக்கு, கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டாய். மாணவிகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. பு.முட்லூர் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினாய். டீ ஆறி ஆடை கட்டும் வரை தொடாமல் இருந்துவிட்டு, "அம்மா, ஒரு குண்டு தப்பான எடத்துல விழுந்துருச்சு" என்று ஆரம்பித்தாய். பயிற்சிக்கு நிஜக் குண்டு போடும் நாளில், பீரங்கிக்காரர்கள் கோணம் வைத்து முடித்ததும், ஓர் அதிகாரி ஒவ்வொரு பீரங்கியாகப் போய்க் குனிந்து, குறிபார்க்கும் கண்ணாடியில் தன் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, 'சேஃப்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவன் சொன்ன பிறகுதான் சுடலாம். அன்று அந்த அதிகாரி நீ. மேலிடத்திலிருந்து யாரோ பெரியவர் பார்க்க வந்திருந்தார். நேரமாகிவிட்டது என்று எல்லாரும் பறந்தார்கள். வரிசையில் நான்காவது பீரங்கிக்கு நீ குனியவில்லை. நின்ற இடத்திலிருந்தே 'சேஃப்' என்றாய். அந்தப் பீரங்கியின் ஹவில்தார் கோணத்தைத் தப்பாக வைத்திருந்தார். பயிற்சி மைதானத்தின் எல்லையைத் தாண்டி, ஒரு கம்புக் கொல்லையில் குண்டு விழுந்தது. அங்கே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு வலது கை போய்விட்டது. முழங்கைக்குக் கீழே இல்லை என்று சொல்லும்போது உன் இடது கையால் உன் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உனக்கே அது தெரிந்திருக்காது.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் இட்லித் தட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை. "அவன் தப்பா வச்சான். அவன் அனுபவிக்கட்டும். ஒனக்கு என்னா வந்துச்சு? பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு, அவ்ளோதான். ஒங்க பெரிய ஆபீசரும் அதத்தான சொல்லச் சொல்றாரு?"

"சொல்லச் சொல்லலப்பா. 'நல்லா யோசிச்சுப் பாரு, நீ பாத்துருப்ப'ன்னாரு."

"அப்ப யோசி. யோசிச்சா ஞாபகம் வரும்."

நீ சிரித்துவிட்டாய். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உனக்கு இன்னும் இரண்டு இட்லி வைத்தேன். அந்தச் சிரிப்பை நீ என் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தால், அதில் உன் தவறு ஏதும் இல்லை.

அப்பாவை நீ கெட்டவராக நினைத்துவிடாதே. தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து, படித்து, மின்வாரியத்தில் வேலைக்கு வந்த மனிதர் அவர். நீ தோளில் நட்சத்திரத்தோடு வந்த அன்று குப்பத்துக்காரர்கள் தெரு முனையில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் பீரங்கி, நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு புலி. மழையில் சாயம் போன அந்த ஃப்ளெக்ஸைத்தான் இன்றும் அவர் பைக்குக்குப் போர்த்துகிறார். உன் முகம் இருக்கிற பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்துத்தான் போர்த்துவார். அது கிழிந்துவிடக் கூடாது என்று அவர் பயப்படுகிறார். வேறொன்றும் இல்லை.

ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்தார். உன் ஹவில்தாரின் மனைவி. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பஸ் மாறி, ஒரு முழுப் பலாப்பழத்தைச் சாக்கில் கட்டி, இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு, நம் குண்டு உப்பலவாடியில் வீட்டை விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தார். நீ உள்ளே இருந்து வந்து அவரைப் பார்த்ததும் முகம் எப்படி மாறியது என்று நான் பார்த்தேன்.

"எதுக்குக்கா இவ்ளோ செமந்துகிட்டு?" என்றாய்.

"எங்க கொல்லைல காச்சது சாரு. ஒங்க அம்மாவுக்குன்னு சொல்லி அவுருதான் போன்ல சொன்னாரு. நாளைக்கி அறுத்தீங்கன்னா தேனாட்டம் இருக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "அவுரு எப்பப் பாத்தாலும் சார் பேச்சுதாம்மா. எங்க சாரு கண்ண வச்சிப் பாத்து சரின்னுட்டாருன்னா, கோடு போட்டாப்ல போயி விழும்னுவாரு" என்றார். அவர் புகழ்ந்தார், தம்பி. குத்திக் காட்டவில்லை. அவருக்குக் குத்திக் காட்ட எதுவும் தெரியாது.

காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போகிற போக்கில் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "இந்த என்கொயரின்னு என்னமோ சொல்றாரே, அதுல ஒண்ணும் ஆவாதுல்ல சாரு? அடுத்த வருசம் வீட்டுக்கு வந்துருவாரு. பென்சன்ல கை வச்சிருவாங்களோன்னு பொலம்புறாரு. பொண்ண இப்பதான் நர்சிங்ல சேத்துருக்கோம்."

"ஒண்ணும் ஆகாதுக்கா. நான் பாத்துக்கறேன்."

"சாரு இருக்காருன்னுதான் நானும் அவுருகிட்ட சொன்னேன்" என்று எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பைக்குக்குப் போர்த்தியிருந்த உன் முகத்தைப் பார்த்து, "சாரு அப்ப ஒல்லி" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தப் பழம் இன்னும் சமையலறை மூலையில் கிடக்கிறது. வீடு முழுக்க அதன் வாசனை. அப்பா எண்ணெயும் கத்தியும் எடுத்துக்கொண்டு இரண்டு தடவை அதன் முன் உட்கார்ந்தார், இரண்டு தடவையும் எழுந்து போய்விட்டார். மனசில் இருப்பதைச் சொல்லாத மனிதர் அவ்வளவாவது செய்தார்.

இப்போது என் பிரஷ்யாக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ கண்ணை மூடிக்கொண்டு 'ஆரம்பிச்சுட்டா' என்பாய். குமராட்சியிலிருந்து மினிபஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து படித்தவள், நூலகத்தில் கையில் கிடைத்த, பழைய ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் பீரங்கிப் படைக் கிழவர் ஒருவரின் நினைவுக் குறிப்புகளின் ஆங்கில வடிவத்தை வைத்துக்கொண்டு எம்ஃபில் செய்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர், "ஏம்மா, கடலூர்ல கோட்டை இருக்கு, கோட்டைல பீரங்கி இருந்துச்சு, அத விட்டுட்டு எங்கயோ போறியே" என்று அலுத்துக்கொண்டார். அப்பா இன்றைக்கும் அந்தக் கிழவரை "ஒங்கம்மாவோட ஜெர்மன் மாப்ள" என்றுதான் சொல்கிறார். மூன்று நான்கு வயதில் உனக்குச் சோறு இறங்க வேண்டுமென்றால், ஆறு குதிரை பூட்டிய பீரங்கி சேற்றில் மாட்டிக்கொண்டு வெளியே வரும் கதையை நான் சொல்ல வேண்டும். குதிரைக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய். நீ பீரங்கிப் படையைக் கேட்டு வாங்கிக்கொண்டாய் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்தக் கிழவர் ஒரு பள்ளி ஆசிரியரின் மகன். குதிரைப் படையெல்லாம் பிரபுக்கள் வீட்டுப் பையன்களுக்கு. கணக்கு தெரிந்த நடுத்தர வீட்டுப் பையன்களுக்குப் பீரங்கிப் படைதான் வாசல். நம்மைப் போலத்தான் என்று உனக்குச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? ஏதோ ஒரு மூலைக் கோட்டையில் தலைமுடி கொட்டும் வரை லெப்டினன்டாகவே உட்கார்ந்திருந்தார். பிறகு கேப்டன். பிறகு ஆஸ்திரியாவோடு போர். அந்தக் காலத்தில் ஒரு பீரங்கியை எதிரியிடம் விட்டுவிட்டு வருவது பெரிய அவமானம். உங்களுக்கும் அப்படித்தான். எங்களுக்குக் கொடி கிடையாது, பீரங்கிதான் கொடி என்று நீ சொல்லியிருக்கிறாய். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டும் மாலையுமாக நீ அனுப்பிய பீரங்கிப் படத்தை அப்பா எத்தனையோ நாள் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். என் பிரஷ்யாக்காரரும் அந்த அவமானத்துக்குத்தான் பயந்தார். ஒரு மேட்டில் தன் பீரங்கிகளை நிறுத்தியிருந்தார். கீழே காட்டுக்குள் பிரஷ்யக் காலாட்படை அந்தப் பீரங்கிகளை நம்பி முன்னேறிக்கொண்டிருந்தது. எதிரி நெருங்குவது தெரிந்ததும் குதிரைகளைப் பூட்டச் சொல்லி, ஒரு பீரங்கியும் சேதமாகாமல் பின்னால் கொண்டுபோய்விட்டார். காட்டுக்குள் போனவர்களில் நிறையப் பேர் திரும்பவில்லை.

யார் பின்வாங்கச் சொன்னது என்று கேட்டார்கள். குதிரையில் செய்தி கொண்டுவரும் வீரன் ஒருவன் உத்தரவு கொண்டுவந்தான் என்றார். அன்று மாலையே அந்த வீரன் வேறொரு இடத்தில் குண்டடிபட்டு இறந்துபோயிருந்தான். மறுத்துப் பேச ஆள் இல்லை. பீரங்கி ஒன்றைக்கூட இழக்காத கேப்டனுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பிரான்சோடு நடந்த போரில், அதே மனிதர் பீரங்கிகளைக் காலாட்படைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி, குதிரைகள் எல்லாம் விழுந்த பிறகும் நகராமல் நின்றார். அதுவும் உண்மை. கர்னல் ஆனார், குண்டு வீசும் முறையைப் பற்றிப் பாடம் நடத்தினார், ஜெனரலாக ஓய்வு பெற்றார். உனக்கு நான் சொன்ன கதையில் குதிரைகள் விழுந்த பிறகும் நகராமல் நின்றவர் இருந்தார். செய்தி கொண்டுவந்த வீரன் இல்லவே இல்லை. சோறு ஊட்டும் கதையில் அவனை எங்கே வைப்பது? ஆய்வேட்டிலும் என் பேராசிரியர், "அது அவரோட பர்சனல் விஷயம்மா, அடிக்குறிப்புல போட்டுடு" என்றார், போட்டேன். ஆக, ஒரு பாதி மனிதரைக் காட்டித்தான் உன்னை வளர்த்திருக்கிறேன்.

மீதிப் பாதியை இப்போது கேட்டுக்கொள். நினைவுக் குறிப்புகளின் கடைசி அத்தியாயத்தில், எண்பதை நெருங்கும் வயதில், அவரே எல்லாவற்றையும் சொல்கிறார். எந்த வீரனும் எந்த உத்தரவும் கொண்டுவரவில்லை என்கிறார். பல வருடம் கழித்து ஏதோ வேலையாக அந்த வீரனின் ஊர் வழியே போயிருக்கிறார். சாப்பிட உட்கார்ந்த விடுதியில் பேச்சுவாக்கில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தப்பான உத்தரவு கொண்டுபோய்க் கொடுத்தவன் என்று அவன் பெயர் ஊரில் கெட்டுவிட்டதாம். காட்டுக்குள் போனவர்களில் அந்த ஊர்ப் பையன்களும் இருந்தார்களாம். அவன் அம்மா தேவாலயத்தில் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரமாட்டார்களாம். அவர் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த அம்மாவின் வீடு அதே தெருவில்தான் இருந்தது. போகவில்லை. அதற்கப்புறம்தான் ஜெனரல் ஆனார். அவர் உண்மையை எழுதிய காலத்தில் அதைப் படிக்க அந்த அம்மா உயிரோடு இல்லை.

உன் வயதுக்குச் சற்றுக் குறைவாக இருந்தபோது நான் அதைப் படித்தேன். கிழவர் எவ்வளவு நேர்மையானவர், கடைசியிலாவது சொல்லிவிட்டாரே என்று கண் கலங்கினேன். இப்போது நாற்பத்தெட்டு வயதில், என் வீட்டு வாசலில் ஓர் அம்மா செருப்பு மாட்டுவதைப் பார்த்த பிறகு, எனக்குக் கண் கலங்கவில்லை. கோபம்தான் வருகிறது. அவ்வளவு நேர்மை வைத்திருந்தவர் அந்தத் தெருவில் நாலு வீடு தள்ளி நடந்திருக்கலாமே என்று வருகிறது.

நீ ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள். ஹவில்தாரின் தவறை உன் தலையில் போட்டுக்கொள் என்று நான் சொல்லவில்லை. கோணத்தை அவர் தப்பாக வைத்தார். அதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். கண் தெரிந்த மனிதனும் ஏதோ ஒரு வேளை தப்பாக வைப்பான் என்று தெரிந்துதானே, இன்னொரு மனிதன் குனிந்து பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்? நீ 'பார்க்கவில்லை' என்று சொன்னால், அவர் செய்தது ஒரு பிழை, நீ செய்தது ஒரு பிழை, இரண்டும் சேர்ந்து ஒரு கை போனது. நீ 'பார்த்தேன், சரியாக இருந்தது' என்று சொன்னால், நீ பார்த்த பிறகு அவர் கோணத்தை மாற்றினார் என்று ஆகிவிடுகிறது. பிழை செய்த மனிதரை ஒரு வார்த்தையில் குற்றவாளி ஆக்கிவிடுகிறாய். இத்தனை வருடம் தன் பீரங்கிக்குப் பொட்டு வைத்தவரை. அவர் மறுத்துப் பேசவும் மாட்டார். "சார் சொன்னா அப்படித்தான் இருந்திருக்கும்" என்று தன் கண்ணையே சந்தேகப்படுவார் என்று நீயேதான் டீக்கடையில் சொன்னாய். செத்துப்போன அந்த வீரனாவது பேச முடியாமல் இருந்தான். இவர் உயிரோடு இருந்து பேசாமல் இருப்பார்.

இதன் விலை என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் பதவி உயர்வு நின்றுபோகலாம். அதற்கு மேலும் போகலாம், வீட்டுக்கு அனுப்பலாம். அப்படி வந்தால் குப்பத்தில் என்ன பேசுவார்கள், கல்லூரியில் என்னிடம் எப்படி விசாரிப்பார்கள் என்றெல்லாம் இந்த நாட்களில் சமைக்கும்போதும் குளிக்கும்போதும் யோசித்துப் பார்த்துவிட்டேன். நீ 'பார்த்தேன்' என்று சொல்லிவிட்டு வந்தாலும் நீ என் பிள்ளைதான். இதே தட்டில் சோறு போடுவேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு பண்ருட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் நான் ஏறமாட்டேன். நீயும் ஏறமாட்டாய். சாகிற வரை ஓர் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற குடும்பமாக இருப்போம்.

நம் ஊருக்கு ஏன் குண்டு உப்பலவாடி என்று பெயர் என்று சின்ன வயதில் கேட்டாயே. தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயக் கும்பெனிக்காரன், கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அதுவரைக்கும் தனக்குச் சொந்தம் என்று எழுதி வாங்கினான். நாலா பக்கமும் சுட்டான். அதற்குள் அடங்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. "அந்தக் குண்டு எங்கப்பா விழுந்துச்சு?" என்று நீ கேட்டதற்கு அப்பா, "நம்ம பாத்ரூமுக்குப் பின்னாலதான்" என்று சொல்ல, ஒரு கோடை விடுமுறை முழுக்க நீ அங்கே மண்ணைத் தோண்டினாய். கிடைத்தது பழைய லாரி போல்ட் ஒன்றுதான். அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்து, "இது நம்மளுதாம்மா" என்றாய்.

கும்பெனிக்காரன் நிலத்தை எடுத்துக்கொள்ள அப்படி எழுதினான். நீ வேறு மாதிரி எழுது. திங்கட்கிழமை உன்னைக் கேட்கும்போது, நான்காவது பீரங்கிக்குக் குனியாமல் நின்ற அந்த இடத்திலிருந்து, அந்தக் கம்புக் கொல்லை வரைக்கும், அதில் புல் அறுத்த பெண்ணின் கை வரைக்கும், பண்ருட்டியிலிருந்து பழம் சுமந்து வந்த அம்மாவின் இடுப்பு வரைக்கும் உன்னுடையது என்று சொல். எவ்வளவு தூரம் போய் விழுந்ததோ அவ்வளவு தூரம்.

ஸ்டேஷனில் சொல்லாமல் விட்ட வாக்கியம் இதுதான்: நீ பார்க்கவில்லை, தம்பி. அதைச் சொல்லிவிட்டு வா.

இந்தப் பழம் நீ திரும்பி வரும் வரை தாங்காது. நானே எண்ணெய் தடவிக்கொண்டு இன்றைக்கு அறுக்கப் போகிறேன். சுளையைத் தின்ன மாட்டேன். கொட்டைகளை மட்டும் கழுவிக் காயவைத்து எடுத்து வைக்கிறேன். நீ வந்த பிறகு, நாம் இரண்டு பேருமாகப் பஸ் ஏறி, அவர்கள் கொல்லையில் போய் உட்கார்ந்து, அடுத்த பழத்தை அங்கேயே தின்ன முடிகிறதா பார்ப்போம்.